சோற்றுக்குப் பதில் ஒரு பூ

நாஞ்சில் நாட்டுப் பெண்மணி ஒருத்தியிடம் போய், "இனிமேல் சோறு வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள்! ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பின்னே என்னத்தைத் திங்க?" என்று கேட்பாள். அவள் கேட்பதும் நியாயந்தான். தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுக்காக்களில் பழையாற்றுத் தண்ணீரையும், 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரையும் குடித்து விளைந்த நெல், ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே சோறு போட்டது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம். இந்த இரண்டு பூவோடு மூன்றாவதாக இப்போது இன்னொரு பூ அடுப்பங்கரைக்குள் நுழைந்திருக்கிறது. அதுதான் காலிபிளவர் என்ற பூக்கோசு. அதை அரிசி மாதிரி பொடியாக்கி, சாதத்துக்குப் பதிலாகச் சாப்பிடுகிறார்கள்.

"இது என்ன கூத்து?" என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று சொல்லியது. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ "சோற்றைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய ஒருவராவது இருப்பார். டாக்டர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார். மூன்று வேளையும் என்ன சமைப்பது என்று விழிப்பவர்கள் நாம் அல்லவா?

அரிசிக்கு மாற்றுத் தேடுவது அந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழை எளியவர்கள் பசியாற வேண்டும் என்று மரவள்ளிக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். அதைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனி என்பார்கள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி வருவது நின்று போயிற்று. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் திண்டாடியபோது, எத்தனையோ குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்குதான். தோலுரித்து, துண்டு போட்டு, வேக வைத்த தண்ணீரை மறக்காமல் கொட்டிவிட்டு (கிழங்கில் இருக்கும் விஷச் சத்து அதோடு போகும்), தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைத்துச் சேர்த்து மயக்கி, மீன் கறியோடு சாப்பிடுவார்கள். பஞ்சத்துக்கு வந்தது, ருசிக்காக நிலைத்துவிட்டது! பிற்பாடு 1950-களில் மைசூர் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தில், கிழங்கு மாவையும் நிலக்கடலை மாவையும் கலந்து அரிசி மாதிரி மணி மணியாகச் செய்துகூடப் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அன்றைக்கு வயிறு நிறையவில்லை என்று மாற்றுத் தேடினார்கள். இன்றைக்கு வயிறு நிறைந்தும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறதே என்று தேடுகிறோம். ஆகையால் அன்றைய மாற்று இன்றைக்கு உதவாது. நூறு கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச் சத்து இருக்கிறது. நூறு கிராம் மரச்சீனியிலோ சுமார் 38 கிராம்! "சோறு சாப்பிடவில்லை டாக்டர், கிழங்குதான் சாப்பிட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களின் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? காலிபிளவரில் இருப்பது 5 கிராம்தான். சோறு 130 கலோரி கொடுத்தால், இது 25 கலோரி கொடுக்கிறது.

இனி, செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

நடுத்தரமான பூ ஒன்று இரண்டு மூன்று பேருக்குப் போதும். வடசேரி சந்தையானாலும் உங்கள் தெருக்கோடிக் கடையானாலும், வெள்ளையாக, இறுக்கமாக, கனமாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கிளை கிளையாகப் பிரித்து, உப்பும் மஞ்சள் தூளும் போட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். உள்ளே புழு ஒளிந்திருந்தால் வெளியே வந்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி வடித்து, சுத்தமான துணியில் பரப்பி ஈரம் போக ஆறவிடுங்கள். அவசரப்படாதீர்கள். இந்தச் சமையலுக்குச் சத்துரு தண்ணீர்தான்.

ஈரம் போனதும் துருவியில் பெரிய கண் உள்ள பக்கத்தில் துருவுங்கள். மிக்ஸி இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றினால் போதும். அரிசி ரவை அளவில் நிற்க வேண்டும். நாலாவது சுற்றுக்கு ஆசைப்பட்டால் விழுதாகிவிடும்.

அகலமான வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும், கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, துருவலைப் பரவலாகப் போட்டுக் கிளறுங்கள். தண்ணீர் தெளிக்கக் கூடாது. மூடி போட்டாலும் ஆவி நீராகி உள்ளே சொட்டும். நிதானமான தீயில் நாலைந்து நிமிஷத்தில் பச்சை வாசனை போய்விடும். உப்பை முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். இறக்கும்போது போட்டுப் புரட்டுங்கள். குக்கரில் வைக்கும் யோசனையே வேண்டாம், களியாகிவிடும்! மீந்த தண்டையும் இளம் இலையையும் எறியாமல் பொடியாக நறுக்கி, தேங்காய் சேர்த்துத் துவரன் செய்துகொள்ளலாம்.

எதோடு சாப்பிடுவது? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சோறு ரசத்தை உறிஞ்சும், இது உறிஞ்சாது. ரசத்தை ஊற்றினால் ரசம் ஒரு பக்கமும் பூ ஒரு பக்கமுமாக நிற்கும். நாஞ்சில் நாட்டுத் தீயலைப் போலக் கெட்டியான குழம்புகளே இதற்குப் பொருத்தம். அவியலும் நன்றாகச் சேரும். எலுமிச்சம்பழம் பிழிந்தோ, தேங்காய்த் துருவல் வறுத்துப் போட்டோ சித்திரான்னமாகவும் செய்யலாம்.

முதல் நாளே முழுச் சாதத்தையும் எடுத்துவிட்டால் வீட்டில் சண்டைதான் வரும். முதல் வாரம் முக்கால் பங்கு சோறும் கால் பங்கு பூவும் கலந்து பரிமாறுங்கள். அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. பலருக்கு அங்கேயே நிறுத்திக்கொண்டாலும் போதும். பூவில் புரதச் சத்து குறைவு. வயிறும் சீக்கிரம் காலியாகும். ஆகவே பயறோ, பருப்போ, முட்டையோ, மீனோ கட்டாயம் கூட இருக்கட்டும். வளரும் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், உடம்பை வருத்தி வேலை செய்கிறவர்களுக்கும் சோற்றைப் பிடுங்கிவிட்டு இதைக் கொடுக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று, மிகவும் முக்கியம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களுக்கு, அவர்கள் சாப்பிடும் அளவையும் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைத் தீர்மானித்திருப்பார். மருந்து அதே அளவில் இருக்க, சோறு மட்டும் திடீரென்று குறைந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டுதல் எல்லாம் அதன் அறிகுறிகள். அப்போது உடனே கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். இத்தனைக்கும் இடம் வைக்காமல், மாற்றத்தைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்டுக்கொண்டே செய்யட்டும்.

கடைசியாக, சகோதரிகளே, உங்களைப் பற்றி ஒரு கேள்வி. கணவருக்குச் சர்க்கரை என்று பூவைத் துருவி, பக்குவமாகக் கிளறி, சூடாகப் பரிமாறுகிறீர்கள். அவர் குறைத்த சோறு பானையில் மிஞ்சுகிறது. "வீணாகப் போகிறதே" என்று அதைத் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் உட்கார்ந்து தீர்ப்பது யார்? அவருக்கு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போன நீங்கள், உங்கள் இரத்தத்தைச் சோதித்து எத்தனை வருஷம் ஆயிற்று? குடும்பத்துக்கே மருந்து கொடுக்கிறவளுக்கு வியாதி வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

இந்த வாரம் ஒரு பூ வாங்கும்போது, உலையில் போடும் அரிசியில் ஓர் ஆழாக்கைக் குறைத்துவிடுங்கள். கிளறியதில் ஒரு பங்கு உங்கள் தட்டிலும் விழட்டும். அடுத்த தடவை பரிசோதனைக்கு அவர் கையை நீட்டும்போது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நீங்களும் கையை நீட்டுங்கள்.