நோ போனாலும் குளிசையை விடலாமா?

“நோ மாறிட்டுது மிஸ், பிறகு என்னத்துக்குக் குளிசை?” வீடுகளுக்குச் செல்லும்போது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் கேட்பது அதிகம். கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் அல்லவா? அண்மையில் இதைக் கேட்டவர், பெருநாடி கிழிந்து உயிர் தப்பிய ஒரு தாய்.

இதயத்திலிருந்து உடலெங்கும் குருதியைக் கொண்டுசெல்லும் பெருங்குழாயே பெருநாடி. அதன் சுவர் மூன்று படைகளால் ஆனது. பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட ‘பிறசர்’ காரணமாக உட்படை கிழிந்தால், குருதி படைகளுக்கிடையே புகுந்து இன்னொரு பாதையை உண்டாக்கும். அவருக்கு நான் அதைக் ‘கள்ளப்பாதை’ என்றே விளங்கப்படுத்தினேன். நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனக் கடும் நோ வரும். இதயத்தை அண்டிய பகுதி கிழிந்தால் உடனடிச் சத்திரசிகிச்சை வேண்டும். கீழிறங்கும் பகுதி கிழிந்து, வேறு சிக்கல் இல்லையெனில் முதலில் மருந்துதான். இவருக்கும் அப்படியே.

மூன்று மாதம் கடந்தால் நாட்பட்ட நிலை என்பர். நோ போய்விடும், கள்ளப்பாதை போகாது. அதன் மெல்லிய சுவர் குருதியமுக்கத்தால் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வீங்கலாம். ஐந்தரை, ஆறு சென்ரிமீற்றருக்கு விரிந்தால் வெடிக்கும் அபாயம் கூடும்.

சிலருக்குத் தொடை நாடி வழியாக, துணி போர்த்திய வலைக்குழாயைச் செலுத்திக் கிழிந்த வாயை மூடுகிறார்கள். கள்ளப்பாதையில் குருதி உறைந்து அது சுருங்க, உண்மையான பாதை விரியும். பெருநாடி தன்னைத் திருத்தியமைப்பது இவ்வாறுதான். 140 நோயாளரைத் தொடர்ந்த ஆய்வொன்று 2013 இல் வெளிவந்தது. ஐந்து வருடங்களில் பெருநாடி காரணமான இறப்பு, மருந்து மட்டும் பெற்றோரில் 19.3 சதவீதம், குழாயும் வைத்தோரில் 6.9 சதவீதம். ஆயினும் நாட்படும்போது இரு பாதைகளுக்கும் இடையிலுள்ள சவ்வு தடித்து விறைத்துவிடும். வயிற்றுப் பகுதியில் வேறு துவாரங்களும் இருக்கலாம். அங்கே கள்ளப்பாதை திறந்தே கிடக்கும். ஆகவே குழாய் வைத்தவரும் ஸ்கானையும் குளிசையையும் விடமுடியாது.

கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்க அந்தத் தாய் உடனே சம்மதித்தார். கல், சீமெந்து சுமக்கக்கூடாது என்றதுதான் இடித்தது. சொல்பவருக்கு எளிது, அந்தக் கூலியில்தானே அடுப்பெரிகிறது! பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரைச் சந்தித்து உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு அயலவருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறார்.

தண்ணீர்க் குடத்தை மகன் தூக்குகிறான். அவனையும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். சில குடும்பங்களில் இந்நோய் தொடர்ந்து வருவதுண்டு.