ஷூவுக்குள் ஓர் ஒலிபரப்பு நிலையம்

2006 மே மாதம் நியூயார்க்கில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸும் நைக்கியின் மார்க் பார்க்கரும் ஒரே மேடையில் நின்று ஒரு சின்னப் பொட்டலத்தை அறிமுகம் செய்தார்கள். விலை 29 டாலர். உள்ளே இரண்டே பொருள்கள். ஒன்று, இடது ஷூவின் இன்சோல் அட்டைக்கு அடியில் செருகும் சென்சார். மற்றொன்று, ஐபாட் நானோவின் அடியில் மாட்டும் ரிசீவர். ஓடுகிறவரின் கால் அசைவைச் சென்சார் அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். பாட்டுக்கு நடுவே ஒரு பொத்தானை அழுத்தினால் எவ்வளவு தூரம், என்ன வேகம், எத்தனை கலோரி என்று காதுக்குள் குரல் சொல்லும். சொந்தச் சாதனையை முறியடித்தால் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கே வந்து பாராட்டுவார். (அந்த ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் பறிபோயின. பாராட்டு வாங்கியவர்கள் பாவம்.)

சந்தைக்கு வந்த சில மாதங்களிலேயே, அந்த ஆண்டு நவம்பர் கடைசியில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஸ்காட் சபோனாஸ், ததயோஷி கோனோ உள்ளிட்ட நால்வர் செய்த ஆய்வு அது. சென்சார் ஐபாடோடு மட்டும் பேசவில்லை, கேட்கக் காது வைத்திருக்கும் எவரோடும் பேசுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. ஒவ்வொரு சென்சாருக்கும் மாறாத தனி அடையாள எண் உண்டு. கால் நகரத் தொடங்கியதும் சென்சார் விழித்துக்கொண்டு அந்த எண்ணை எந்தப் பூட்டும் இல்லாமல் காற்றில் விடுகிறது. ஐபாட் வீட்டில் கிடந்தாலும் விடுகிறது. 60 அடி தொலைவு வரை அதைப் பிடிக்க முடிந்தது. 250 டாலர் அளவிலான உதிரிபாகங்களை வைத்து ஒரு சின்னக் கருவியை உருவாக்கி, யார் எப்போது எங்கே கடந்தார் என்பதை கூகுள் மேப்பில் புள்ளிகளாகக் காட்டினார்கள்.

சென்சாரில் அணைப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் ஷூவில் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பதே கையேட்டின் பொதுவான அறிவுரை. ஓடுவதற்கு வாங்கிய ஷூவையே கடைக்கும் கல்லூரிக்கும் போட்டுக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் ஓடாத நேரத்திலும் ஷூ தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தது. பிரிந்துபோன காதலியைக் கண்காணிக்க நினைப்பவர், வழிப்பறிக்காரர், வாடிக்கையாளரின் வருகையை வேவு பார்க்கும் கடைக்காரர் என்று யார் யாருக்கெல்லாம் இது உதவும் என்பதையும் அந்த அறிக்கை விவரித்தது.

இத்தனை மெனக்கெட்டு யார் பின்தொடரப் போகிறார்கள் என்று அன்றைக்குப் பலர் கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கான மருந்தும் அந்த அறிக்கையிலேயே இருந்தது. ரிசீவருக்கு மட்டும் புரியும்படி எண்ணை மறையாக்கி, அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். 2021இல் ஆப்பிள் வெளியிட்ட ஏர்டேக் என்னும் டிராக்கர் தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படியும் அதைப் பிறரின் பையில் ஒளித்துவைத்துப் பின்தொடர்ந்த சம்பவங்கள் வரவே, முன்பின் தெரியாத டிராக்கர் ஒன்று கூடவே வந்தால் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுமே எச்சரிக்கும் பொது ஏற்பாட்டை 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் கொண்டுவந்தன. பாதுகாப்பைத் தயாரிப்பாளர் முதலிலேயே உள்ளே வைக்க வேண்டும். வாங்கியவர் பொத்தானைத் தேடி அணைத்துக்கொள்ளட்டும் என்று விடுவது, பொறுப்பைத் தள்ளிவிடும் வேலை.

சென்சார் ஷூவிலிருந்து கைக்கடிகாரத்துக்கும் செல்போனுக்கும் ஏறியபோது ஆபத்தின் அளவும் மாறியது. 60 அடிக்குள் ஒருவர் வந்து நிற்க வேண்டிய அவசியமே இப்போது இல்லை. ஓட்டங்களைப் பதியும் செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் தன் பயனர்களின் ஓட்டப் பாதைகளையெல்லாம் ஒரே உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதில் விசித்திரம் ஒன்றைக் கவனித்தார். ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களின் இருட்டுப் பரப்பில் சில கட்டங்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அவை ராணுவ முகாம்கள். வீரர்கள் மதிலை ஒட்டி ஓடிய தினசரி ஓட்டம் முகாமின் வரைபடத்தையே போட்டுக் காட்டிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், களப் பகுதிகளில் இருக்கும் படையினர் இருப்பிடம் காட்டும் வசதியைப் பயன்படுத்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தடை போட்டது. அப்படியும் பாடம் படியவில்லை. 2024இல் பிரான்ஸின் லெ மோந்த் நாளிதழ், அதிபர்களின் மெய்க்காவலர்கள் ஸ்ட்ராவாவில் பதிந்த ஓட்டங்களை வைத்தே அதிபர்களின் பயண இடங்களைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டியது.

ரகசியம் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தக் கதி. தினமும் காலை ஐந்தரைக்கு வீட்டு வாசலிலிருந்து தனியாகக் கிளம்பும் ஒரு பெண்ணின் பதிவு என்ன சொல்லும்? வீடு எது, எந்த நேரத்தில் வெளியே இருப்பார், எந்தத் தெரு வழியாகத் திரும்புவார், எந்த வாரம் ஊரில் இல்லை. எல்லாமே.

இதைத் தடுக்க வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வரும் பாதையை மட்டும் மறைக்கும் வசதி செயலிகளில் உண்டு. இதிலும் ஓட்டை இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டியபடி, மறைக்கப்பட்ட பாதைகள் எல்லாம் ஒரு வட்டத்தின் விளிம்பில்தான் அறுந்து நிற்கின்றன. வெவ்வேறு திசையில் ஓடிய சில நாள் பாதைகள் கிடைத்தால் போதும், மையத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று புள்ளிகள் தெரிந்தால் வட்டம் வரையலாம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஆகவே வட்டத்தைப் பெரிதாகப் போடுவது, வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி வந்த பிறகு பதிவைத் தொடங்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக ‘எனக்கு மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது. பதக்கத்தைக் காட்டிக்கொள்ள ஆசை இருந்தால் தூரத்தையும் நேரத்தையும் பகிரலாம். வரைபடம் வேண்டாம்.

பாட்டின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. 2004 முதல் 2011 வரை அமெரிக்காவில் ஹெட்ஃபோன் மாட்டியபடி வாகனத்தில் அடிபட்ட பாதசாரிகள் பற்றிய செய்திகளை மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு ஒன்று திரட்டியது. கிடைத்த 116 பேரில் சுமார் 70 சதவீதத்தினர் இறந்துபோனார்கள். பாதிக்கு மேற்பட்டோரை மோதியது ரயில். தண்டவாளத்தை ஒட்டியோ, வண்டி போகும் சாலையிலோ ஓடுகிறவருக்கு ஒரு காதாவது திறந்திருக்க வேண்டும். சத்தத்துக்கும் வரம்பு உண்டு: 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், 90 டெசிபலில் 4 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருச் சத்தத்தை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டும் ஓட்டக்காரர் இரண்டாவது வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்.

இனி உரிமைகள். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. எதற்காகத் தரவு கேட்கிறோம் என்று நிறுவனம் சொல்லியாக வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தை, கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறலாம், பதிவுகளை அழிக்கச் சொல்லலாம். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்குத் தடையும் உண்டு. குழந்தைக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கும் பெற்றோர் இந்த வரியைக் கவனிக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார், தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அந்தப் பணம் அரசின் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது. உடல்நலத் தரவுக்கென்று தனிப் பாதுகாப்பும் இந்தச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இருக்கிறது. பெரிய குறை இது.

கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை என்றால் வழி வேறு. கலோரியைச் சரியாகக் கணக்கிடும் என்று சொல்லி விற்ற நைக்கியின் ஃபியூயல்பேண்ட் கைப்பட்டை தொடர்பான வழக்கில், 2015இல் நைக்கியும் ஆப்பிளும் 24 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். காலக்கெடு 2 ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முயன்று பார்க்கலாம். பில்லையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்தி வைப்பது முக்கியம்.

கருவிகளுக்கு ஆயுளும் குறைவு. அந்தப் பழைய ஷூ சென்சாரின் பேட்டரியை மாற்றவே முடியாது. சுமார் 1,000 மணி நேரம் ஓடி முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். 2018 ஏப்ரல் 30ஆம் தேதியோடு தன் பழைய கருவிகளுக்கான சேவையையும் நைக்கி நிறுத்திக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஓட்டப் பதிவை இழக்க விரும்பாதவர் அவ்வப்போது அதைப் பதிவிறக்கித் தன்னிடமே வைத்துக்கொள்வது உத்தமம்.

பின்தொடரப்படுகிறோம் என்ற சந்தேகம் வந்த பெண்ணுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு துணை நிற்கும். நேரில் பின்தொடர்வதும், இணையத்திலும் மின்னணுத் தொடர்பிலும் வேவு பார்ப்பதும் அதன்படி குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. மகளிர் உதவி எண் 181. பயத்தில் உடனே செயலிக் கணக்கை அழித்துவிடக் கூடாது. யார் யார் பின்தொடர்கிறார்கள், யார் விருப்பம் தெரிவித்தார்கள், என்ன எழுதினார்கள் என்பதையெல்லாம் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகே கணக்கைப் பூட்ட வேண்டும். காவல் நிலையத்தில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.