வெயிலும் வறட்சியும் சேர்ந்து வந்தால்

தேசூர், வந்தவாசிப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பூத்து நிற்கும்போது மழை பொய்த்து, வெயிலும் சுட்டெரித்தால் செடி என்ன செய்யும்?

வெறும் வெயில் என்றால், இலையின் நுண்துளைகளைத் திறந்து, நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வெறும் வறட்சி என்றால், அதே துளைகளை மூடி நீரைக் காக்கும். இரண்டும் சேர்ந்தால்? திறந்தால் தாகம், மூடினால் சூடு. பெரும்பாலும் மூடிக்கொள்கிறது, இலை மேலும் சூடேறுகிறது. அதனால்தான் இரண்டும் சேர்ந்து வரும்போது சேதம் அவ்வளவு அதிகம்.

ஆனாலும் செடி சும்மா இருப்பதில்லை. மல்லாட்டையின் உறவான சோயாவில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டது வியப்பானது: இலைத்துளைகளை மூடிய செடி, பூவின் துளைகளை மட்டும் திறந்தே வைத்திருந்தது. இருக்கும் கொஞ்சம் நீரில் பூவைக் குளிர்விக்கிறது!

மல்லாட்டைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. காய் முற்றும் வாரங்களில் மண் காய்ந்து சூடேறினால், அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் பூஞ்சை காயில் ஏறிவிடும். கிணற்றில் தண்ணீர் கொஞ்சம்தான் என்றால், விழுது இறங்கிக் காய் பிடித்து முற்றும் நேரத்துக்கு அதை ஒதுக்குங்கள். பறித்த காயை நன்றாகக் காயவையுங்கள். பூசணம் பிடித்த பருப்பைச் செக்குக்கும் அனுப்பாதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள்.