கறுத்த சிறுத்தையும் வெளுத்த புலியும்

சென்ற ஆண்டு ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வியாசம் எழுதக் கொடுத்தோம். விஷயம்: "நான் கண்ட விலங்கு". நம்முடையது குன்னூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகளில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். பசு, நாய், பூனை என்று எழுதி ஒப்பேற்றிவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தோம். அப்படியே பெரும்பாலோர் செய்தார்கள். ஒரு பையன் மட்டும் கருஞ்சிறுத்தையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். விடியற்காலையில், கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் பின்னால், கல் சுவரின் மேல் அது படுத்திருந்ததாம். அவன் பார்த்தான், அதுவும் அவனைப் பார்த்தது, பிறகு வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்விட்டது. வருணனை வெகு நன்றாக இருந்தது. கடைசி வாக்கியந்தான் நம்மைத் தூக்கிவாரிப் போட்டது: "உலகம் சூடாகி வருவதால் சிறுத்தைகள் எல்லாம் கறுத்துப் போகின்றன."

சிரித்துவிட்டோம். ஆசிரியர்கள் அறையில் போய்ச் சொன்னால் மற்றவர்களும் சிரிப்பார்கள் என்று நினைத்தோம். ஆனால் கணக்கு வாத்தியார் மிகவும் கம்பீரமாகத் தலையை ஆட்டி, "இருக்கும், ஸார். எங்கள் தெருவில் முன்பெல்லாம் காட்டெருமை ஏது? இப்போது தினம் வந்து நிற்கிறது. எல்லாம் சீதோஷ்ணம் மாறிவிட்ட கோளாறுதான்" என்றார். எட்டாம் வகுப்புப் பையனுக்கும் எம்.எஸ்ஸி. பட்டதாரிக்கும் தர்க்கத்தில் அதிக வித்தியாசம் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டோம். வித்தியாசம் பிராணியில்தான்.

இதில் இரண்டு வழக்குகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. கண்டதாகச் சொன்னதை உண்மையில் கண்டார்களா என்பது ஒன்று. கண்டதற்குக் காரணம் இன்னதுதானா என்பது மற்றொன்று. முதல் வழக்கில் ஜயித்தவர், அந்தத் தீர்ப்பையே காட்டி இரண்டாவதிலும் ஜயித்துவிடப் பார்ப்பது உலக வழக்கம்.

பையன் கண்டது பொய்யல்ல. நீலகிரியில் கருஞ்சிறுத்தை உண்டு. குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் வீட்டு வாசல்களில் வைத்த காமிராக்களிலேயே அகப்பட்டிருக்கிறது. அது தனி ஜாதிப் பிராணியும் அல்ல. சாதாரணச் சிறுத்தைதான். தாயிடமும் தந்தையிடமும் மறைந்து கிடக்கும் ஒரு கறுப்புக் கூறு குட்டியினிடத்தில் ஒன்று சேர்ந்தால் கறுப்புக் குட்டி பிறக்கும். புள்ளியுள்ள தாயின் ஒரே ஈற்றில் ஒன்று கறுப்பாகவும் மற்றொன்று புள்ளியாகவும் இருக்கலாம். நல்ல வெயிலில் உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள்ளேயும் புள்ளிகள் தெரியும். வறண்ட காடுகளைவிட ஈரமும் இருளும் நிறைந்த காடுகளிலேயே இவை அதிகம். ஆகவே வெயிலுக்கும் கறுப்புக்கும் சம்பந்தம் கற்பிப்பதானால் பையனுடைய சித்தாந்தத்தைத் தலைகீழாகத்தான் நிறுத்த வேண்டும்.

கறுப்பு இப்படி என்றால் வெளுப்புக்கும் ஒரு கதை இருக்கிறது. 2017-ல் நீலகிரிக் காட்டில் வெளிறிய நிறமுள்ள புலி ஒன்றை ஒருவர் படம் பிடித்தார். உடனே "வெள்ளைப் புலி" என்று எங்கும் பேச்சு. மிருகக்காட்சிசாலைகளில் நாம் காணும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை 1951-ல் ரீவா காட்டில் பிடிபட்ட "மோகன்" என்ற புலி. நீலகிரிப் புலி அந்த வகையன்று. மங்கிய பொன்னிறம், அவ்வளவே. ஆயினும் அதன் கட்சி பலமாக நின்றதற்குக் காரணம், படம் இருந்தது. புலியின் வரிகள் நம் கைரேகையைப் போல. ஒன்றுக்கிருப்பது மற்றொன்றுக்கு இல்லை. அதை வைத்துத்தான் நாடெங்கும் காமிரா கட்டிப் புலிகளை எண்ணுகிறார்கள். குறுக்கு விசாரணைக்கு நிற்கக்கூடிய சாக்ஷி என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படி நிற்காத சாக்ஷியும் உண்டு. ஆனைமலை, மூணாறுப் பக்கத்து உயர்ந்த புல்வெளிகளில் "பொகையன்" என்று ஒரு பிராணியைப் பற்றிச் சொல்கிறார்கள். புகை நிறம், புள்ளி இல்லை, மூடுபனியோடு வந்து மூடுபனியோடு போய்விடும். வனவிலங்குகளைப் படமெடுக்கும் சந்தேஷ் கடூர் அப்படி ஒன்றைத் தாமே கண்டதாகச் சொல்லித் தேடியும் அலைந்தார். அவரும் மலைவாசிகளும் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஒன்றுமில்லை. ஆனால் பொய் சொல்லாதவனும் தவறாகப் பார்க்கலாம். மூடுபனியில் நூறு கஜத்துக்கு அப்பால் நம் சொந்தத் தலைமையாசிரியரையே தபால்காரர் என்று நினைத்து நாம் கூப்பிட்டிருக்கிறோம். ஒரு தோல், ஓர் எலும்பு, சோதனைக்கு உரிய ஒரு மயிர் கிடைக்கும் வரையில் பொகையனுடைய வழக்கை வாய்தாவில் வைத்திருப்பதுதான் நியாயம். தள்ளுபடி செய்துவிடவும் நமக்கு மனமில்லை.

இனி உஷ்ணத்தின் வழக்கு. 2024 ஏப்ரல் 28-ந் தேதி உதகமண்டலத்தில் 29 டிகிரி அடித்தது. 1951 முதல் உள்ள கணக்கில் அவ்வளவு உஷ்ணம் பதிவானதில்லை. "பார்த்தீர்களா!" என்றார்கள் ஒரு கட்சியார். "1986-லேயே 28.5 அடித்திருக்கிறதே, அரை டிகிரிதானே?" என்றார்கள் மறுகட்சியார். இருவர் சொல்வதும் சாக்ஷியமாகாது. ஒரு நாள் வெயிலைக் கொண்டு உலகத்தின் ஜாதகத்தை எழுத முடியாது. ஒரு நாள் குளிரைக் கொண்டும் அதைக் கிழிக்க முடியாது. ஆயிரக்கணக்கான இடங்களில், நிலத்திலும் கடலிலும், நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக எழுதி வைத்த கணக்குத்தான் சாக்ஷி. அந்தக் கணக்கின்படி 1850 முதல் 1900 வரையிலுள்ள சராசரியைவிட 2024-ல் உலகம் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி அதிகமாகச் சூடேறியிருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையே இதற்கு முக்கிய காரணம் என்பதில் விஞ்ஞானிகளிடையே இப்போது தகராறு இல்லை. பொகையனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

நம் மலையில் இதன் அடையாளம் சிறுத்தையின் தோலில் இல்லை, புல்லின் மேல் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்துக் கிடப்பதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். நீலகிரியின் உச்சியில் மடிப்புகளில் சோலையும் மேடுகளில் புல்லுமாக இருப்பதற்கு அந்த உறைபனி ஒரு காவல்காரன். சோலை மரத்தின் கன்று புல்வெளியில் முளைத்தால் உறைபனியில் கருகிவிடுகிறது. இதை ஆராய்ச்சியாளர்கள் இங்கேயே கன்று நட்டுப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரத்தின் கன்று உறைபனியையும் தாங்குகிறது! உஷ்ணம் ஏறி உறைபனி குறைந்தால் காவல்காரன் போன வீடுதான்.

பிராணிகளிலும் ஒரு நல்ல சாக்ஷி உண்டு: மயில். 1933-ல் ஸலீம் அலி திருவாங்கூர், கொச்சிப் பிரதேசங்களில் பறவைக் கணக்கெடுத்தபோது மயில் காணப்படவில்லை; இன்று கேரளத்தில் மயிலால் பயிருக்குச் சேதம் என்று புகார் சொல்கிறார்கள். வறண்ட இடத்துப் பறவை பரவுவது சீதோஷ்ணம் வறண்டு வருவதன் அறிகுறி என்று 2020-ல் அங்கே ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. குன்னூர் வரையில் மயில் ஏறிவிட்டது என்று இங்கேயும் சொல்கிறார்கள். முருகனுடைய வாகனம் மலை ஏறுவதில் ஆச்சரியம் என்ன என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் பதில் இல்லை.

ஆனால் கணக்கு வாத்தியாரின் காட்டெருமைக்கு நம்மிடம் பதில் இருக்கிறது. காப்டன் ஜான் ஆக்டர்லோனி என்ற வெள்ளைக்காரர் 1847, 1848-ம் வருஷங்களில் நீலகிரியை அளந்து ஒரு படம் தயாரித்தார். அந்தப் படத்தை இன்றைய நிலவரத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அன்றிருந்த புல்வெளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இப்போது இல்லை. புல்வெளிப் பறவைகளும் கூடவே அருகிவிட்டன. அவ்வளவு புல்லையும் வெயிலா தின்றது? தேயிலையும், உருளைக்கிழங்கும், தோல் பதனிடுவதற்காக நட்ட சீகையும், விறகுக்காக நட்ட கற்பூர மரமும், நாம் கட்டிக்கொண்ட வீடுகளும் தின்றன. மேயும் இடம் போன மாடு தெருவுக்கு வருகிறது. தெருவிலோ நாம் கொட்டிய காய்கறிக் கழிவு காத்திருக்கிறது. உஷ்ணத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் "உலகமே சூடாகிறது, நாம் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டால் குப்பைத் தொட்டியை மூட வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறதல்லவா? நமக்குக் கோபம் வருவது அதற்குத்தான்.

இவையெல்லாம் வாய்ப்பந்தல் விஷயங்கள் அல்ல. 2014 ஜனவரியில் தொட்டபெட்டாப் பக்கம் ஒரு புலி மூன்று உயிர்களைக் கொண்டுபோயிற்று. சுற்று வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களை மூட வேண்டி வந்தது. கடைசியில் ஜனவரி 22-ந் தேதி புலியைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பீதி இன்றும் லயன்களில் இருக்கிறது. எங்கேயோ எடுத்த புலிப் படத்தைக் கைபேசியில் அனுப்பி "நேற்று ராத்திரி நம் தோட்டத்தில்" என்று எழுதுகிற புண்ணியவான்களுக்கு, அதைப் பார்த்துவிட்டு மறுநாள் கூலியை இழந்து வீட்டில் உட்காரும் தாய்மாரைத் தெரியாது. இப்படிப் பத்துப் பொய்ப் படம் வந்த பிறகு, உண்மையாகவே காலடித் தடத்தைக் கண்டு வந்து சொல்லும் பெண்ணின் வார்த்தையை மேஸ்திரி கூட நம்புவதில்லை.

பையனைக் கூப்பிட்டு, "கண்டதற்கு முழு மார்க்கு, காரணத்துக்கு ஸைபர்" என்றோம். அவன் அழவில்லை. "அப்போ காரணத்தை எப்படி ஸார் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான். கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, தேதி, மணி, உறைபனி உண்டா இல்லையா, கண்ட பிராணி, கண்ட இடம், எவ்வளவு தூரத்திலிருந்து என்று ஆறு கட்டம் போட்டுக்கொள்ளச் சொன்னோம். வகுப்பில் இப்போது பதினோரு பேர் அப்படி எழுதுகிறார்கள். எத்தனை வருஷம் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். முப்பது வருஷம் என்றதும் இரண்டு பேர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கருஞ்சிறுத்தைப் பையன் கொடுக்கவில்லை. தை மாதம் அவன் எழுதியதில் ஒரு வரி: "காலை 6-20. உறைபனி உண்டு. சிறுத்தை இல்லை. காட்டெருமை 4, குப்பைத் தொட்டி அருகில், இருபது அடி. தொட்டிக்கு மூடி இல்லை."