குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு ஏன்? திருவிடந்தை பெருமாளுக்கும் உண்டு!

குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு முடித்ததும் பாட்டிகள் தேடுவது மை டப்பாவைத்தான். கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. அந்தப் பொட்டு பெருமாளுக்கே உண்டு என்றால் நம்புவீர்களா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தைத் தாண்டியதும் வருகிறது திருவிடந்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. காலவ முனிவரின் 360 மகள்களை, நாளுக்கு ஒருவராக வராகப் பெருமாள் மணந்தார் என்கிறது தலபுராணம். அதனால் அவர் நித்யகல்யாணப் பெருமாள். தினமும் மாப்பிள்ளைக் கோலம் என்றால் கண் படாதா? உற்சவரின் முகத்தில் இயற்கையாகவே திருஷ்டிப் பொட்டு அமைந்திருக்கிறது என்கிறார்கள் பக்தர்கள்.

பொட்டின் கணக்கு எளிது. அழகில் வேண்டுமென்றே ஒரு சின்னக் குறை. பார்ப்பவர் கண் முதலில் அதில் போய் நிற்கும் என்பது நம்பிக்கை. துருக்கியில் இதே வேலைக்கு நீலக் கண்ணாடி மணி!

அந்தக் காலத்தில் வசம்பைச் சுட்டு, உரைத்துப் பொட்டு வைத்தார்கள். வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர் உண்டு. இன்று கடையில் வாங்கும் சில கண் மைகளில் ஈயம் இருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கண்ணைக் கசக்கும் கை அடுத்து வாய்க்குத்தானே போகும்? அதனால், கண்ணுக்கு மை தீட்டவே வேண்டாம் என்கிறார்கள் குழந்தைநல மருத்துவர்கள்.

பாட்டியின் ஆசைக்குக் கன்னத்தில் சின்னதாக ஒரு வசம்புப் பொட்டு போதும். தூங்க வைக்கும்முன் துடைத்துவிடுங்கள்.