படத்திரிபும் சொற்றிரிபும்

பொய்ப்படம் என்னும் ஒரு சொல் இன்று மூன்று பொருள்களைச் சுட்டுகிறது. பகுதி மாற்றப்பட்டது திரிபுப்படம். கணிப்பொறி முழுவதும் ஆக்கியது புனைவுப்படம். மாறாத படத்தின்கீழ்ப் பொய்க்குறிப்பு அமைந்தது பிறழ்குறிப்புப்படம். 2023 மே 28 அன்று தில்லியில் தடுத்துவைக்கப்பட்ட மல்யுத்த வீராங்கனையர் வினேஷ் போகாட், சங்கீதா போகாட் ஆகியோரின் படத்தில் செயற்கைப் புன்னகை சேர்த்துப் பரப்பப்பட்டமை முதல்வகைக்குச் சான்று.

எந்திரக் கற்றலில், மெய், திரிபு எனக் குறியிட்ட படங்கள் பலவற்றைக் கணிப்பொறி பயில்கிறது. படப்புள்ளிகளின் இயல்பும் கோப்புச் சுருக்கத்தின் தடமும் ஓரிடத்தில் மட்டும் வேறுபடின் ஐயம் எழுப்புகிறது. படம் மீண்டும் மீண்டும் சுருக்கி அனுப்பப்படின் இத்தடயங்கள் மங்கும். ஆகவே அதன் முடிவு நிகழ்தகவேயன்றித் தீர்ப்பன்று.

மூன்றாம் வகையோ இவ்வாய்வுக்குப் புலப்படாது. சான்றாக, கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணி 2001இல் நின்றது. அதற்குமுன் எடுத்த படமொன்றின்கீழ் ‘இன்று பணிபுரியும் தொழிலாளர்’ என எழுதுவதாகக் கொள்வோம். படப்புள்ளி எதுவும் மாறவில்லை; காலங்காட்டும் சொல்லே பொய்க்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் வழங்கும் அவ்வூரில், அக்குறிப்பு பெயர்க்கப்படுந்தோறும் பொய்யும் உடன் பெயரும். எனவே, ‘திரிபு கண்டறியப்படவில்லை’ என்னும் கருவியின் கூற்றை ‘உண்மைப்படம்’ என மொழிபெயர்த்தல் பொருட்பிழையாகும்.