துறைமுகத்தில் சிக்கிய ஸ்வெட்டர்கள்!

2005 ஆகஸ்ட். ஐரோப்பியக் கடைகள் குளிர்கால விற்பனைக்குத் தயாராகும் நேரம். ஆனால், ஆர்டர் கொடுத்த ஸ்வெட்டர்களும் பேன்ட்டுகளும் கடைக்கு வந்து சேரவில்லை. சீனாவில் கப்பலேறியவை, ஐரோப்பியத் துறைமுகக் கிடங்குகளில் முடங்கிக் கிடந்தன. கிட்டத்தட்ட எட்டுக் கோடி உருப்படிகள்! பிராக்களும் அதில் அடக்கம் என்பதால், பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'பிரா யுத்தம்' என்றே பெயர் வைத்துவிட்டன.

விவகாரம் பழையது. 1974 முதல் பணக்கார நாடுகள் ஜவுளி இறக்குமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா வைத்திருந்தன. நம் திருப்பூர்க்காரர்களும் கோட்டா வாங்கித்தான் பனியன் அனுப்பினார்கள். 2005 ஜனவரி 1-ல் அந்த முறை முடிவுக்கு வந்ததும், மடை திறந்தாற்போலப் பாய்ந்தன சீன உடைகள். இத்தாலி, போர்ச்சுகல் ஆலைகள் அலறின. பத்து வருடம் முன்பே குறித்த தேதிதான். ஆனாலும், தீபாவளிக்கு முதல் நாள் துணி எடுக்கப் போகிறவர்கள் நாம் மட்டுமல்ல!

ஜூன் 10-ம் தேதி ஷாங்காயில், ஐரோப்பிய வர்த்தக ஆணையர் பீட்டர் மேண்டல்சனும் சீன வர்த்தக அமைச்சர் போ சிலாயும் உட்கார்ந்து பேசினார்கள். பத்து வகைத் துணிகளின் ஏற்றுமதியை ஆண்டுக்கு 8 முதல் 12.5 சதவிகிதத்துக்கு மேல் கூட்டுவதில்லை என்று 2007 வரைக்கும் உடன்பாடு. சீனா ஏன் சம்மதித்தது? உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோதே, 2008 வரை தன் ஜவுளிக்குத் தடுப்பு போடலாம் என ஒப்புக்கொண்டிருந்தது. ஐரோப்பா தன்னிச்சையாகத் தடுப்பு போட்டால் பெரும்பாலான துணிகளுக்கு 7.5 சதவிகிதம்தான். பேசியதில் கொஞ்சம் லாபம்!

யாரும் கேட்காமல் விட்டது கடைக்காரர்களைத்தான். உடன்பாட்டுக்கு முன்பே அவர்கள் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். சில வாரங்களிலேயே ஸ்வெட்டர் கோட்டா நிரம்பியது. அடுத்தடுத்து மற்ற வகைகளும் நிரம்பின. ஆலைகள் உள்ள தெற்கு நாடுகள் 'விடாதே' என்றன. கடைகளே அதிகமுள்ள டென்மார்க், நெதர்லாந்து போன்றவை 'விடு' என்றன.

செப்டம்பர் 5-ம் தேதி பீஜிங்கில் மறுபடி பேச்சு. சுமை ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. தேங்கியதில் பாதியை ஐரோப்பா கணக்கில் சேர்க்காமல் அனுமதிக்கும். மீதிப் பாதியைச் சீனாவின் கோட்டாவில் கழித்துக்கொள்ளும். கிடங்குகள் திறந்தன. ஆனால், 2006-ம் வருடம் பிறப்பதற்குள்ளேயே அதன் கோட்டாவில் ஒரு பகுதி செலவாகியிருந்தது.